கன்னத்தில் எழுந்த கைகள்

மழை வரும் வரும் என்று மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடுகிற ஊர் மேலப்பொட்டல். பெண்ணாகப் பிறந்த எல்லோரும் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றுகிற அந்த ஊரில், பலவேசத்துக்கும் சண்முகக்கனிக்கும் ஒரே மகளான பிரம்மசக்தி தன் பதினேழாவது வயதில், நான் பீடி சுற்ற மாட்டேன், பியூட்டிஷியன்தான் ஆவேன் என்று சொன்ன வருஷத்தில்தான், பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயின் கன்னத்தில் செத்துப்போன புருஷனின் கை எழுந்தது.

சக்தி வாயால் மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளை இல்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே அம்மாவின் பீடி நூலில் ஒரு முழம் கிழித்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மறுநுனியை விரலில் சுற்றி, தன் முழங்காலுக்குக் கீழே முளைத்திருந்த முடியிலேயே த்ரெட்டிங் பழக ஆரம்பித்தாள். கால் சிவந்து தடித்து எரிய எரியப் பழகி, ஆறு வாரத்தில் இரண்டு காலையும் வழவழவென்று ஆக்கிவிட்டு, இனி யாருடைய புருவமாவது கிடைக்குமா என்று தெருவைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் பார்லர் வைத்திருந்த ஜெசிந்தா எதையும் சொல்லிக்கொடுக்கிற ஆள் இல்லை, வேண்டுமானால் பார்த்துக் களவாடிக்கொள் என்கிற ஆள். ஆகவே சக்தி அங்கே தரையைப் பெருக்கினாள், துண்டுகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு அலசினாள், ஓரக்கண்ணால் எல்லாவற்றையும் களவாடினாள். ஒரு நோட்டுப் போட்டு, எண்ணெய்த் தோல், வறண்ட தோல், இரண்டும் கலந்த தோல் என்று எழுதி, சிவப்பை மறைக்கப் பச்சை, கருவளையத்தை மறைக்க ஆரஞ்சு என்று சாமி மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே நடந்தாள். யாராவது முகத்தைக் கொடுக்க வந்தால் உடனே தொடமாட்டாள். காதுக்குப் பின்னால் ஒரு சொட்டுக் கிரீமைத் தடவி, ஒரு நாள் பொறுத்து, தோல் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்த பிறகுதான் உட்காரவைப்பாள்.

"மூஞ்சில மாவு பூசுததுக்கு ஜாதகம் பாக்காளாம்லா இவ!" என்று தெருவே சிரித்தது. சிரித்துக்கொண்டே வந்து காதைக் காட்டியது.

ஆறுமுகத்தாய் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா வேண்டாம் என்று தூக்கிப்போட்ட ஸ்டீமரில் ஆவி காட்டி, கிரீமைத் தடவி, தாடையிலிருந்து காதுவரை மேல்நோக்கி நீவிக்கொண்டிருந்தபோது, இடது கன்னத்தில் முதலில் ஒரு விரல் சிவந்தது. பிறகு அடுத்த விரல், அடுத்தது, கட்டைவிரல், உள்ளங்கை என்று ஒரு முழுக் கை எழுந்து, மோதிர விரலில் சதுரக் கல் வைத்த மோதிரம்கூட அச்சாகத் தெரிந்தது. கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பயந்துபோன சக்தி காதுக்குப் பின்னால் பார்த்தாள், அங்கே ஒன்றுமில்லை. ஆறுமுகத்தாய் கண்ணாடியை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"அவுக மோதிரம்லா இது," என்றாள். "அவுக போயி பன்னெண்டு வருசமாச்சு. கை இன்னும் இங்கனதான் இருக்கா?"

"வலிக்கா சித்தி?"

"இப்ப வலிக்கல. அன்னைக்கு வலிச்சிது. கொழம்புல உப்பு இல்லன்னு அடிச்சாக, பெரியவ அப்ப வயித்துல ஏழு மாசம்." கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, மிச்சத்தையும் பூசு, அடுப்புல சோறு கெடக்கு," என்றாள். மூன்று நாள் அந்தக் கை கன்னத்திலேயே இருந்தது. அதோடுதான் அவள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வெற்றிலைத் தட்டு நீட்டினாள்.

ஊர் ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்கவில்லை, அதற்கெல்லாம் மேலப்பொட்டலில் யாருக்கும் நேரம் இல்லை. பீடிக் கடையில் கட்டுகளைக் கொடுத்துவிட்டு மத்தியானம் திரும்புகிற பெண்கள் நேராகச் சக்தி வீட்டு வாசலுக்கு வந்தார்கள், சுளகை இறக்கி வைத்தார்கள், வரிசையில் உட்கார்ந்தார்கள், ஒருத்தர் கன்னத்தை ஒருத்தர் பார்த்து, இது உன் மாமனார் கைதானே, இல்லை, எங்க அண்ணன் கை, பள்ளிக்கூடத்துக்குப் போவேன் என்று அழுததற்கு வாங்கியது என்று பேசிக்கொண்டார்கள். ஒருத்திக்குச் சுவரில் போஸ்டர் மேல் போஸ்டர் ஒட்டியதுபோல மூன்று கைகள் ஒன்றின் மேல் ஒன்றாக எழுந்தன. ஒரே வயதுக்காரிகள் ஒன்பது பேருக்குச் சாக்பீஸ் பிடித்த ஒரே கை எழுந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அதற்கப்புறம் வாசகசாலைக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். பீடிக் கடையில் கட்டுகளைத் தரம் பார்க்கிறவன் எல்லாப் பெண்களையும் திடீரென்று வாங்க போங்க என்று கூப்பிட ஆரம்பித்தான். ஆடி மாதம் முடிவதற்குள் ஊரில் மோதிரம் போட்ட ஆம்பளைக் கை ஒன்றுகூட இல்லை. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் படிப்பை விசாரித்த கையோடு, மாப்பிள்ளையின் அம்மா ஒருதரம் சக்தியிடம் ஃபேஷியல் செய்துகொண்டு வரட்டுமே என்று கேட்பது வழக்கமாகி, அப்படி இரண்டு சம்பந்தம் நின்றும்போனது.

இதற்கு ஒரு சட்டதிட்டமும் தானாக ஏற்பட்டது. சாமி முன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வது எழுவதில்லை. இடுப்பில் இருக்கிற பிள்ளை விளையாட்டாக அறைவது எழுவதில்லை. சொந்தப் பிள்ளையின் கை எந்தத் தாயின் கன்னத்திலும் இதுவரை எழுந்ததில்லை. "மேல பட்டதெல்லாம் போயிரும், உள்ள போனதுதான் வெளிய வருது," என்று ஆறுமுகத்தாய் வரிசையில் இருந்தவர்களுக்கு விளக்கினாள், எல்லோரும் சரிதான் என்று தலையை ஆட்டினார்கள்.

சக்திக்குத்தான் இது ஒன்றும் பிடிக்கவில்லை. முகத்தை அழகாக்கத்தான் அவள் இத்தனை பாடுபட்டுப் பழகினாள். இப்போதோ முகம் பளிச்சென்று ஆகியிருக்கிறதா என்று கேட்க ஒரு நாதி இல்லை, எல்லோருக்கும் கைதான் வேண்டும். தென்காசியில் ஒரு பயிற்சி நிலையத்தில் ஒரு வருஷப் படிப்பு இருந்தது, விடுதியும் உண்டு, முடிவெட்டு முதல் மணப்பெண் அலங்காரம் வரை எல்லாம் கற்றுத் தருவார்கள், படித்து முடித்தால் எந்த ஊர் பார்லரிலும் நிமிர்ந்து போய் வேலை கேட்கலாம். முப்பது இடம், நூற்றுக்கும் மேல் பேர், செய்முறைத் தேர்வு வைத்து எடுப்பார்கள். அது கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் சுளகுதான் என்பது அவளுக்குத் தெரியும். அந்த இடத்தைப் பிடித்தே ஆக வேண்டும் என்று அவள் பைத்தியமாக இருந்தாள்.

தெருவில் அவள் கை படாத கன்னம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது அவள் அம்மாவின் கன்னம்.

"எம்மா, ஒருதரம் ஒக்காரேன்."

"என் மொகத்துக்கு என்னட்டி, நல்லாத்தான இருக்கு," என்பாள் சண்முகக்கனி, இலையை நறுக்குவதிலிருந்து தலையைத் தூக்காமல். நாலாவது தடவை கேட்டபோது சுளகைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கே போய்விட்டாள்.

ஊர் இதைக் கவனிக்காமல் விடுமா? பெற்ற மகளிடமே முகத்தைக் கொடுக்கமாட்டேன் என்கிறாள் என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று முதலில் வரிசையில் பேசினார்கள், பிறகு குழாயடியில் பேசினார்கள். பலவேசம் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டியில் வால்வு திறக்கிற வேலை பார்ப்பவர். குரலை உயர்த்தத் தெரியாத மனுஷன், ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தால்கூட, கொஞ்சம் வழி விடேன் என்று கேட்டுவிட்டுப் போகிறவர். அந்த மனுஷனா என்று இரண்டு நாள் யோசித்த ஊர், மூன்றாம் நாள், வாயே திறக்காதவுக வீட்டுக்குள்ள எப்பிடியோ யாரு கண்டா என்று முடிவு கட்டிவிட்டது. அண்ணாச்சி இன்னும் பத்து நிமிசம் தண்ணி விடுங்க என்று கெஞ்சுகிற பெண்கள் அவரைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தண்ணீரை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்கிற பொறுப்பு பலவேசத்துக்குத்தான். ஆவணியில் ஆறுமுகத்தாய் மகள் கல்யாணத்தில் அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்தார்கள். பலவேசம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: சக்தியும் சந்தேகப்பட்டாள். அப்பா சோற்றைப் பிசையும்போது அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரல்களின் நீளத்தை மனசுக்குள் அம்மாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

ஒருநாள் விடிகாலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவள் காதில் பின்கட்டுப் பேச்சு விழுந்தது.

"கனி, நான் ஒன்னைய எப்பமாச்சும் அடிச்சிருக்கனா?" என்று அப்பா கேட்டார்.

"இல்ல."

"காய்ச்சல்ல கெடந்தப்போ? தூக்கத்துல? எனக்கே தெரியாம?"

"இல்லங்க. ஒருநாளும் இல்ல."

"பொறகு அந்தப் பிள்ளைட்ட ஒருதரம் ஒக்காந்துட்டு எந்திரிச்சா என்ன? ஊருக்குத் தெரிஞ்சிருமே."

கத்தரிக்கோல் இலையை நறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா எழுந்து, தன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டே தொட்டிக்குப் போனார். அம்மா பொய் சொல்கிறாள் என்றுதான் சக்தி நினைத்தாள். அடித்த மனுஷனைக் காப்பாற்றப் பொய் சொல்கிற பெண்களை அந்த வரிசையில் அவள் நிறையப் பார்த்திருந்தாள்.

தேர்வுக்கு ஆளுக்கொரு மாடல் கூட்டிவர வேண்டும், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட முகமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆறுமுகத்தாய் வருவதாக ஒத்துக்கொண்டிருந்தாள். தேர்வு நாள் காலை ஏழரை மணிக்கு, பையை எல்லாம் கட்டித் தயாராக நின்ற சக்தியிடம் வந்து, "மவன் விடமாட்டேங்கான்ட்டி. இங்கன மானம் போனது போதும், தென்காசியிலயும் போயிக் கன்னத்தக் காட்டணுமாங்கான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். எட்டு மணிக்கு பஸ். சக்தி பையின் மேலேயே உட்கார்ந்து அழுதாள். உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சண்முகக்கனி, மடியில் ஒட்டியிருந்த பீடித் தூளைத் தட்டினாள், கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினாள், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எந்திரி. பஸ் போயிரும்," என்றாள்.

வழியெல்லாம் சக்தி அம்மாவின் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். முதல்முறையாகத் தேர்வைத் தவிர வேறொரு பயம் அவளுக்கு வந்தது. அப்பாவின் கை எழுந்துவிட்டால் அதற்கப்புறம் அந்த மனுஷனை எப்பா என்று எப்படிக் கூப்பிடுவது?

பெரிய கூடத்தில் வரிசையாக நாற்காலிகள், எதிரே கண்ணாடிகள். மதுரையிலிருந்து வந்திருந்த மேடம் ஒருவர் கையில் தாளோடு நடந்துகொண்டிருந்தார். முதலில் ஃபேஷியல், பிறகு மேக்கப். சுத்தம் பார்க்க வந்த மேடத்திடம் சக்தி நகத்தைக் காட்டினாள், துண்டைக் காட்டினாள், அம்மாவின் தலைமுடியைப் பட்டையால் ஒதுக்கினாள், ஆவி காட்டினாள். பிறகு, பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற அந்த முகத்தில், வெயிலும் புகையிலைத் தூளும் ஏறிப்போன அந்தத் தோலில், முதல் தடவையாக உள்ளங்கைகளை வைத்து மேல்நோக்கி நீவினாள்.

இடது கன்னத்தில் விரல்கள் எழுந்தன.

சின்ன விரல்கள். மோதிரம் இல்லை. முரட்டு உள்ளங்கை இல்லை. காதுவரைகூட எட்டாத ஒரு கை, பத்துப் பதினோரு வயதுப் பிள்ளையின் கை, சுண்டுவிரல்வரை தெளிவாகச் சிவந்து நின்றது.

சக்திக்கு அது யார் கை என்று உடனே தெரிந்துவிட்டது. ஆறாம் வகுப்பில் ஆண்டுவிழா. டவுனிலிருந்து வந்த மேக்கப்காரி இவளுக்குக் கன்னத்தில் ரோஸ் பூசி, உதட்டில் சாயம் தீட்டி மேடைக்கு அனுப்பக் காத்திருந்த நேரத்தில், பீடிக் கடையிலிருந்து நேரே ஓடிவந்த அம்மா, கண்பட்டுவிடும் என்று கட்டைவிரலில் மையைத் தொட்டு இவள் கன்னத்தில் பொட்டு வைக்க வந்தாள், ரோஸ் கலைந்துவிட்டது. சக்தி அதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும், பீடி நாத்தம், தொடாத என்று சொல்லி அம்மாவின் கையைத் தட்டிவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற வெளியூர் அம்மாக்கள் சிரித்தது ஞாபகம் இருந்தது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து அம்மா கை தட்டியது ஞாபகம் இருந்தது. அறைந்தது மட்டும் ஞாபகம் இல்லை.

"எம்மா," என்றாள். "நான் ஒன் கையத்தானம்மா தட்டிவிட்டேன்?"

"ஆமா, கையத்தான் தட்டுன," என்றாள் சண்முகக்கனி, கண்ணைத் திறக்காமலே. "நீ அப்பிடியே வச்சுக்கோ. வேலையப் பாரு."

"அப்பாவ ஊரே..."

"தெரியும். எந்த வாயால சொல்லச் சொல்லுத, பெத்த பிள்ள அடிச்சிச்சின்னு? ஊருல ஒரு தாய்க்கும் வரலியே, எனக்கு மட்டும் வந்துட்டா ஒன்னைய என்ன சொல்லும் இந்த ஊரு? நாளாச்சுல்லா, போயிருக்கும்னு நெனச்சுத்தான் இன்னைக்கி ஒக்காந்தேன்." ஒரு சொட்டுக் கண்ணீர் காதோரமாக இறங்கி முடிக்குள் போயிற்று. "அழாத, மேடம் வாராக. அந்தப் பச்சையப் போட்டு மூடு."

மேடம் வந்து நின்று குனிந்து பார்த்தார். "ரொம்பச் சிவந்திருக்கேம்மா. சரி, மேக்கப்ல இதை எப்படிச் சமாளிக்கிறேன்னு பார்ப்போம்," என்று தாளில் என்னவோ எழுதினார்.

சக்தி சமாளித்தாள். நோட்டில் எழுதிப் படித்ததை, காலில் பழகியதை, ஜெசிந்தாவிடம் களவாடியதை எல்லாம் திரட்டி, தன் சின்ன விரல்கள் ஒவ்வொன்றின் மேலும் பச்சையைத் தொட்டுத் தொட்டு ஒற்றி, அதன்மேல் அம்மாவின் நிறத்தைக் குழைத்துப் பூசி, பவுடர் போட்டு, புருவத்தைத் தீட்டி, உதட்டுக்கு மங்கலான சிவப்பு வைத்து நிமிர்ந்தபோது கன்னத்தில் கை இருந்த தடமே இல்லை. மேடம் இரண்டு விளக்குகளைப் போடச் சொல்லித் தேடிப் பார்த்துவிட்டு, "எங்கேம்மா போச்சு?" என்று சிரித்தார். மத்தியானம் ஒட்டிய பட்டியலில் நான்காவதாகப் பிரம்மசக்தியின் பெயர் இருந்தது. சண்முகக்கனி அந்தப் பெயரை மூன்று தடவை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள், "கல்யாண வீட்டுக்கா?" என்று கேட்டார். சண்முகக்கனி வெட்கப்பட்டுச் சிரித்து, ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டாள். அம்மா இவ்வளவு அழகா என்று சக்தி அவளையே பார்த்தாள். இதை அப்படியே வீடுவரை கொண்டுபோகலாம், மூன்று நாளுக்குக் கலைந்த இடத்தில் பூசிக்கொண்டே இருக்கலாம், பிறகு கை தானாக மறைந்துவிடும், அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தென்காசிக்குப் போய்விடுவாள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அப்பா மட்டும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ஊரில் இருப்பார்.

மேலப்பொட்டல் விலக்கில் இறங்கியதும் சக்தி அம்மாவைப் பயணியர் நிழற்குடைக்குள் உட்காரவைத்துப் பையைத் திறந்து, பஞ்சையும் மேக்கப்பைத் துடைக்கிற கிளென்சிங் மில்க்கையும் எடுத்தாள். சண்முகக்கனிக்குப் புரிந்துவிட்டது. மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"வேண்டாம்ட்டி. ஊரு ஒன்னைய வாழ்நாளெல்லாம் பேசும்."

"பேசட்டும்மா."

"நாளைக்கி ஒன்னையப் பொண்ணு கேட்டு யாரு வருவா?"

"கைய விடும்மா."

வெகுநேரம் கழித்து அம்மா கையை விட்டாள். சக்தி துடைத்தாள். உதட்டுச் சாயம் வந்தது, பவுடர் வந்தது, அம்மாவின் நிறம் வந்தது, பச்சை வந்தது. அதன் கீழே சிவப்பாகச் சின்னக் கை வந்தது. பஞ்சைப் பைக்குள் போட்டுவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் நடந்தாள்.

நாலரை மணித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குழாயடியில் தெருவே நின்றது, ஆறுமுகத்தாயும் நின்றாள். தொட்டிக்குக் கீழே பலவேசம் வால்வுப் பக்கத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் குத்துக்காலிட்டு இருந்தார். சண்முகக்கனியின் கன்னத்தைப் பார்த்ததும் பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றது. எல்லோரும் அந்தக் கையின் அளவைப் பார்த்தார்கள், பலவேசத்தின் கையைப் பார்த்தார்கள், மறுபடியும் கன்னத்தைப் பார்த்தார்கள். பலவேசம் எழுந்து வந்தார். மனைவியின் கன்னத்தை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. இத்தனை மாதம் பட்ட பழி தீர்ந்தது என்று மூச்சுகூட விடவில்லை அந்த மனுஷன்; தோளில் கிடந்த துண்டைச் சட்டென்று உருவி, யாரும் பார்ப்பதற்குள் மனைவியின் கன்னத்தை மூடப் போனார்.

சக்தி அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மூடாதீங்கப்பா," என்றாள், குழாயடி முழுக்கக் கேட்கும்படி. "அது என் கை."

குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டிருந்தன. ஒருத்தர்கூடக் குடத்தை நகர்த்தவில்லை. எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள்.